எனக்கு மட்டும் சொல்லாத கட்டி

அந்த ஒயரைக் காதில் மாட்டுவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்க வீட்டில் உங்களிடம் எதையாவது மறைத்திருக்கிறார்களா?

இல்லையா? கொடுத்து வைத்தவர். அல்லது மறைத்தது இன்னும் உங்களுக்குத் தெரியவில்லையோ என்னவோ. எனக்கும் அப்படித்தான், வாரக்கணக்கில் தெரியாமல் இருந்தது.

என் மூத்த மருமகள் மிருதுளா முதல் குழந்தைக்கு உண்டாகியிருந்தபோது, வயிற்றில் குழந்தையோடு கூட இடது சினைப்பையில் ஒரு கட்டியும் இருந்தது. டாக்டருக்குத் தெரியும். ஸ்கேன் எடுத்தவளுக்குத் தெரியும். என் பையன் கோகுலுக்குத் தெரியும். கும்பகோணத்தில் இருக்கிற சம்பந்தியம்மாவுக்குக்கூடப் பாதி தெரியும். ஒரே வீட்டில், ஒரே ஃபிரிட்ஜைத் திறந்து மூடிக்கொண்டிருந்த எனக்கு மட்டும் தெரியாது.

முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீங்க, எல்லாரும் சௌக்கியம். பேரனுக்கு மூணு வயசு ஆகப்போகிறது, கையில் எது கிடைத்தாலும் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிறான். பாருங்க, முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன். இழுத்து இழுத்துப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. நான் திருச்சியில் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் படித்தவள். சிஸ்டர் இக்னேஷியா என்று ஒருவர் இருந்தார். கேள்வி கேட்டால் எழுந்து நின்று, நிமிர்ந்து, முழு வாக்கியமாகப் பதில் சொல்ல வேண்டும். மென்று முழுங்கினால் உட்கார விடமாட்டார். அன்றிலிருந்து எனக்கு அந்தப் பழக்கம். நம் டாக்டர்கள் யாரும் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

மூணாம் மாசம் முடிகிற சமயத்தில் ஒரு ஸ்கேன் எடுப்பார்களே, அதற்குத்தான் போனோம். கோகுல் மருந்துக் கம்பெனி ரெப், ஊர் ஊராகச் சுற்றுகிற வேலை. அதனால் நான் கூடப் போனேன். நான் எதிலும் தலையிடுகிற மாமியார் இல்லை. கூடப் போனேன், அவ்வளவுதான். டோக்கன் வாங்கினேன். முன்னால் இருந்த பெண்ணுக்கு ஒன்றும் அவசரமில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு அவளை எங்களுக்குப் பின்னால் உட்கார வைத்தேன். ஏசியைக் குறைக்கச் சொன்னேன். வேறு எதிலும் நான் வாய் திறக்கவில்லை.

ஸ்கேன் எடுத்தது ஒரு சின்னப் பொண்ணு. நல்லாத்தான் ஆரம்பித்தாள். இதோ தலை, இதோ முதுகு, பாருங்க கையை ஆட்டுது என்று சொல்லிக்கொண்டே வந்தவள், இடது பக்கம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள். அந்தக் கருவியை அங்கேயே வைத்து அழுத்துகிறாள், எடுக்கிறாள், மறுபடி அழுத்துகிறாள். ஸ்கிரீனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்புறம் யாருக்கோ போன் பண்ணினாள். கண்ணாடி போட்ட பெரிய டாக்டர் ஒருத்தர் வந்தார். இரண்டு பேரும் குசுகுசு. நான் எட்டிப் பார்த்தேன். பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க யாரும்மா?"

"மாமியார்."

"கொஞ்சம் வெளியில இருங்க."

அவ்வளவுதான். வெளியே வந்தால் எதிரே சுவரில் பெரிய போர்டு. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிந்து சொல்வது சட்டப்படி குற்றம். எல்லா ஸ்கேன் சென்டரிலும் மாட்டியிருப்பார்களே, அதே போர்டு. தமிழில் படித்தேன். இங்கிலீஷில் படித்தேன். படித்து முடித்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

பொண்ணு. அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, சொல்லக்கூடாது, அதனால்தான் ஸ்கிரீனைத் திருப்பினாள். மாமியார் என்றதும் பெரியவர் என்னை வெளியே தள்ளிவிட்டார், நான் ஏதோ பொண்ணு என்றால் வேண்டாம் என்று சொல்கிற ரகம் என்று நினைத்து. எனக்கு வந்த கோபம் இருக்கே. யாரைப் பார்த்து? மூணு பையன்களைப் பெற்றவள் நான். மூணும் தடியன்கள். ஒரு தலைக்கு ரிப்பன் கட்டியதில்லை, ஒரு காதுக்குத் தோடு வாங்கியதில்லை. பேத்தி வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளாத சாமி இல்லை, சர்ச்சிலும் போய் மெழுகுவர்த்தி வைத்தவள். கோபம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம், அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

மிருதுளா வெளியே வந்தாள். முகம் சுண்ணாம்பு. ரிப்போர்ட் கவரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தாள். பின்னாலேயே அந்தப் பெரியவர் வந்து, "பயப்படாதீங்க, உங்க டாக்டர்கிட்ட நானே பேசறேன்" என்றார். நீங்களே சொல்லுங்க, வயிற்றில் பையன் இருப்பவளிடம் யாராவது பயப்படாதே என்று சொல்வார்களா? எனக்கு நிச்சயமாகிவிட்டது.

ஆட்டோவில் வரும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "எனக்குத் தெரிஞ்சு போச்சு."

திடுக்கிட்டுத் திரும்பினாள். "என்ன அத்தை தெரிஞ்சுது?"

"எல்லாந்தான். உன் முகத்துலயே எழுதியிருக்கே. எதுக்கு அழற? எனக்கு சந்தோஷந்தான்."

"சந்தோஷமா?"

"பின்னே? நம்ம வீட்டுல இது ஒண்ணுதான் குறைச்சலா இருந்தது."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நீங்க பார்த்திருக்க வேண்டும். ஆட்டோக்காரர்கூடக் கண்ணாடியில் பார்த்தார். "என்னடி முழிக்கிற? பொண்ணுதானே?" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள் பாருங்க, சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழியச் சிரித்துவிட்டு, "ஆமா அத்தை" என்று என் தோளில் சாய்ந்துகொண்டாள். நான் சொன்னதும் அவளுக்கு மனசு லேசாகிவிட்டது. எனக்கு அந்தத் திறமை உண்டு.

நான் யாரிடமும் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. எதிர்வீட்டு மாலதியிடம் சொன்னேன். காய்க்காரம்மா கேட்டாள், அதனால் சொன்னேன். மாடியில் குடியிருப்பவர்களிடம், கோயிலில் பூக்கட்டுகிறவளிடம், அப்புறம் என் தம்பி பெண்டாட்டியிடம், அவள் மூலமாக மதுரைக்காரர்களுக்கு. சட்டம் டாக்டருக்குத்தானே, எனக்கில்லையே. பெரிய கடைவீதியில் பாவாடைக்கு மாம்பழக் கலரில் பட்டுத்துணி எடுத்தேன், அரக்கு பார்டர்.

வீட்டில் என்னவோ சரியில்லை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள், நான் காபி கொண்டுபோனால் பேச்சு நின்றுவிடும். ஒரு சனிக்கிழமை சினிமாவுக்குப் போகிறோம் என்று கிளம்பினார்கள். வந்ததும் கதை என்னடா என்று கேட்டேன். கோகுல், "ஒருத்தன் இருக்காம்மா, அவன் வந்து..." என்கிறான். அதற்கு மேல் போகவில்லை. அன்றைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போயிருக்கிறார்கள். பொய் சொல்கிறவன் ஒரு கதையாவது தயார் பண்ணிக்கொண்டு வரவேண்டாமா? அவனையும் நல்ல ஸ்கூலில்தான் போட்டேன்.

ஒருநாள் மொட்டை மாடிக்குப் போனால், கொடியில் காய்கிற துணிகளுக்கு நடுவே மிருதுளா நின்று அழுதுகொண்டிருக்கிறாள். பொண்ணு என்பதால்தான் அழுகிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படித்த பெண் இப்படியா? அங்கேயே நிற்க வைத்து ஒரு பாடம் எடுத்தேன். இந்தக் காலத்தில் பொண்ணுங்க விமானம் ஓட்டுகிறார்கள், கலெக்டராக இருக்கிறார்கள், வயசான காலத்தில் ஒரு வாய் தண்ணீர் கொடுப்பது மகள்தான், உன் மாமனாருக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அந்த மனுஷன் இப்படி நாளெல்லாம் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டு இருப்பாரா, இப்படி. பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "அத்தை, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். இந்தக் குழந்தை இல்லாமப் போயிட்டா உங்களுக்கு என்னைப் பிடிக்குமா?" என்றாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் கேட்கிற கேள்வியா அது? "அபசகுனமாப் பேசாதே. போய் முகத்தைக் கழுவு" என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தண்ணீர் குடிக்கிறீங்களா? என்னிடம் சீரகத் தண்ணீர் இருக்கிறது. வேண்டாமா, சரி.

நாலாம் மாசம். மத்தியானம். எங்க வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார். கோகுல் புதுக்கோட்டை போயிருந்தான். நான் அடுப்பில் மறுநாளைக்கு வத்தக்குழம்பு வைத்திருந்தேன். மிருதுளா கீழ்த்தட்டிலிருந்து உளுத்தம்பருப்பு டப்பாவை எடுக்கக் குனிந்தாள். நிமிரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். டப்பா உருண்டு பருப்பெல்லாம் சமையலறை முழுக்க. வியர்த்துக் கொட்டுகிறது, வாந்தி எடுக்கிறாள், அடிவயிற்றில் கையை வைத்து அழுத்திக்கொள்கிறாள். கேஸ் பிடித்துக்கொண்டது என்று நினைத்து நான் ஓமத்தைக் கொதிக்க வைக்கப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடியா அது, வளையல் நெளிந்துவிட்டது.

"அத்தை, இது கேஸ் இல்ல. எனக்கு இடது சினைப்பையில ஒரு கட்டி இருக்கு. ஸ்கேன்ல பாத்தாங்க. அது திருகிக்கிட்டா இப்படித்தான் வலிக்கும், உடனே வரணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் என்னிடம் முழு வாக்கியங்களாகப் பேசியது அன்றைக்குத்தான்.

"யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டேன்.

"அத்தை, ஆட்டோ."

"இல்ல, யாருக்கெல்லாம் தெரியும்னு சொல்லு."

"எல்லாருக்கும் தெரியும் அத்தை. ஆட்டோ."

நான் கேட்டதில் என்ன தப்பு? தெரிந்துகொள்ள வேண்டாமா? ஆனால் கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டிவிட்டேன். இவரை எழுப்பி, அடுப்பை அணைங்க, கோகுலுக்குப் போன் பண்ணுங்க, இரண்டையும் மாற்றிப் பண்ணிவிடாதீங்க என்று சொன்னேன். ஆட்டோக்காரரிடம், தம்பி, வேகத்தடையில் மட்டும் மெதுவாப் போ, மற்ற இடத்தில் உன் இஷ்டம் என்றேன். அந்தப் பிள்ளை என் பேச்சை வரிக்கு வரி கேட்டது. வீட்டில் இருக்கிறவர்கள்தான் கேட்பதில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வளர்மதி. குட்டையான உருவம், கிராப்பு, பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அந்த அம்மாளை எனக்கு அன்றைக்குத்தான் பிடித்தது. அதுவரைக்கும் ஒவ்வொரு தடவையும் மாமியார் வெளியில் இருங்க என்றுதான் சொல்வார், அதையும் நான் பொண்ணு விவகாரத்தில்தான் சேர்த்திருந்தேன். அன்றைக்கு என்னை உள்ளே கூப்பிட்டு, மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார்.

"சினைப்பை ஒரு காம்புல தொங்குதும்மா. கட்டி கனமா இருக்கறதால அந்தக் காம்பே முறுக்கிக்கிச்சு. ரத்தம் போகல. இப்பவே எடுக்கணும்."

"தெரிஞ்சப்பவே எடுத்திருக்கலாமே."

"முதல் மூணு மாசம் கை வைக்க மாட்டோம். நிறையக் கட்டி அதுக்குள்ள தானே கரைஞ்சிடும். அதுவுமில்லாம, ஆரம்பத்துல கரு நிக்கறதே சினைப்பையில சுரக்கறதை நம்பித்தான். அப்புறம் நஞ்சுக்கொடி அந்த வேலையை எடுத்துக்கும். அதுக்காகத்தான் காத்திருந்தோம். இவங்களுக்குக் கரையல, பெருசா வேற இருந்தது. அடுத்த வாரம் தேதி குறிச்சிருந்தோம், அது முந்திக்கிச்சு."

"புற்றுநோயா?"

சுற்றி வளைக்காமல் கேட்டேன். அவரும் சுற்றி வளைக்காமல் சொன்னார். "ஸ்கேனைப் பாத்தா அப்படித் தோணல. ரத்தத்துல பாக்கற அளவெல்லாம் கர்ப்பத்துல தானே ஏறும், அதை நம்பி முடிவு பண்ண முடியாது. எடுத்து லேபுக்கு அனுப்பினாத்தான் உறுதியாத் தெரியும்."

எத்தனை முழு வாக்கியம் பாருங்க. "இதை ஏன் டாக்டர் எனக்குச் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்ல வேண்டாம்னு பேஷண்ட் கேட்டுக்கிட்டாங்க."

"ஏன்?"

டாக்டர் மிருதுளாவைப் பார்த்தார். மிருதுளா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். பாவம், வலி.

அதற்குள் கும்பகோணத்திலிருந்து சம்பந்தியம்மா போனில். அழுதுகொண்டே, "இன்னிக்கு அஷ்டமியா இருக்கே, நாளைக்குக் காலைல வச்சுக்கலாமான்னு டாக்டரைக் கேளுங்களேன்" என்கிறார். "சம்பந்தியம்மா, காம்பு முறுக்கறதுக்கு முன்னாடி காலண்டர் பாக்கல. நீங்க பஸ் ஏறுங்க" என்று வைத்துவிட்டேன். தப்பா? அந்த அம்மாள் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது என்று நர்ஸ் தட்டோடு வந்தாள். வளையல், தோடு, மெட்டி எல்லாம் கழற்றினோம். தாலிச்சங்கிலியில் கை வைத்ததும் மிருதுளா பிடித்துக்கொண்டாள். வழக்கமாக மஞ்சள் கயிறு கட்டிவிட்டுத்தானே கழற்றுவார்கள். அங்கே மஞ்சளுக்கும் கயிற்றுக்கும் எங்கே போவது? போய்த் தேடி வாங்கி வருவதற்குள் காம்பு இன்னொரு சுற்றுச் சுற்றியிருக்கும். "கொண்டா" என்று கழற்றி என் கழுத்தில் போட்டுக்கொண்டேன். "என்கிட்ட இருந்தா எதுவும் தொலையாது." நர்ஸ் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். ஒரு கழுத்தில் இரண்டு தாலி, எந்த சாஸ்திரத்தில் இருக்கிறதோ தெரியாது. எனக்கு அப்போது சாஸ்திரம் பார்க்க நேரமில்லை.

மிருதுளா தன் கையெழுத்தைப் போட்டுவிட்டாள். கூட இருப்பவர் ஒருத்தரும் போட வேண்டும், கோகுல் இன்னும் வழியில். டாக்டர் என்னிடம் வந்து, "குழந்தை தங்கும்னுதான் நம்பறோம். ஆனா உறுதி சொல்ல முடியாது. எங்களுக்கு முதல்ல அம்மா. பேத்திக்கு ரொம்ப ஆசையா இருக்கீங்கன்னு சொன்னாங்க. அதான் உங்ககிட்ட தனியாச் சொல்றேன்" என்றார்.

"டாக்டர், பேத்தியை நான் பாத்ததே இல்ல. இவளைத் தினமும் பாக்கறேன். எனக்குச் சண்டை போட வீட்டுல இவ ஒருத்திதான் இருக்கா. எங்க போடணும் கையெழுத்து?" என்றேன்.

ஸ்ட்ரெச்சரில் இருந்தவள் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். என்ன பார்வை என்று எனக்குத் தெரியவில்லை. மயக்க ஊசிக்கு முன்னால் ஏதோ ஒன்று போட்டிருந்தார்கள்.

அப்புறம் வெளியே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு அம்மாள், எந்த ஊரு, யாருக்கு ஆபரேஷன் என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. சொல்ல வரவில்லை. எனக்குப் பேச்சு வராமல் போனது அதுதான் முதல் தடவை, அதை நினைத்தே எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

கோகுல் வேர்க்க விறுவிறுக்க வந்தான். "பெத்தவகிட்ட மறைச்சியாடா?" என்றேன்.

"அம்மா, உங்ககிட்ட சொன்னா..."

"சொன்னா என்ன?"

"ஒண்ணுமில்லம்மா."

பார்த்தீங்களா? வாக்கியத்தை முடிக்கத் தெரியாது.

உள்ளேயிருந்து எடுத்ததை வெளியே கொண்டுவந்து காட்டுவார்கள், தெரியுமா? பச்சை டிரெஸ் போட்ட ஒருத்தர் ஸ்டீல் தட்டில் வைத்து, மிருதுளா கூட வந்தவங்க யாரு என்று கூப்பிட்டார். கோகுல் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டான். மருந்து விற்கிறவனின் லட்சணம். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். வாழைப்பூ அளவு இருந்தது, அந்த நிறந்தான், கறுத்துப் போய். ஒரு பக்கம் கீறியிருந்தார்கள். உள்ளே என்ன இருந்தது என்கிறீங்க? முடி. கற்றை கற்றையாக முடி, நெய் உறைந்த மாதிரி ஒரு கொழுப்பு, ஓரத்தில் ஒரு பல். சத்தியமாகப் பல். என் மருமகள் தலையில்கூட அவ்வளவு முடி கிடையாது, நானும் எத்தனை எண்ணெய் காய்ச்சிக் கொடுத்திருக்கிறேன்.

டாக்டர் வந்து விளக்கினார். டெர்மாய்டு என்று பேராம். பிறக்கும்போதே அங்கே தங்கிப்போன ஏதோ செல், தானே முடியும் பல்லுமாக வளர்ந்து வைக்குமாம். பெரும்பாலும் சாதுவான கட்டிதானாம். "சினைப்பையைக் காப்பாத்த முடியல, ரத்தமில்லாம கறுத்துப் போச்சு. வலது பக்கம் நல்லா இருக்கு. குழந்தைக்குத் துடிப்பு இருக்கு" என்றார்.

நான் "சரி" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அப்புறம் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டு ரொம்ப நேரம் முகம் கழுவினேன். அங்கே தூசி அதிகம்.

லேபிலிருந்து வந்த சேதியும் நல்ல சேதிதான். அந்தச் சேதி வரும்வரைக்கும் நான் வீட்டில் யாரையும் திட்டவில்லை என்று இவர் இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறார். குழந்தை மாசம் முழுக்க இருந்து பிறந்தது. பையன். நாலாவது தடியன். பொண்ணு என்று அத்தனை ஜாடை காட்டினார்களே அந்த ஸ்கேன் சென்டரில், எவ்வளவு பொறுப்பில்லாத வேலை பாருங்க. பாவாடைத்துணி இன்னும் பீரோவில் இருக்கிறது. காய்க்காரம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வது?

குழந்தைக்கு ஒரு வயசானதும் கோகுலுக்குச் சென்னைக்கு மாற்றல் வந்துவிட்டது. தாம்பரத்தில் வீடு. அவனே கேட்டு வாங்கிக்கொண்டான் என்று மாலதி சொல்கிறாள். அவளுக்கு வாய் ஜாஸ்தி, ஒன்றை மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

கிளம்புவதற்கு முன்னால் மிருதுளாவை உட்கார வைத்து நேராகவே கேட்டேன். "ஏன் என்கிட்ட மட்டும் சொல்லல?" குழந்தைத் துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "அத்தை, உங்ககிட்ட சொல்லியிருந்தா, நான் டாக்டரைப் பாக்கறதுக்கு முன்னாடி காய்க்காரம்மா எனக்கு வைத்தியம் சொல்லியிருப்பாங்க." எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மறுநாள் காய்க்காரம்மாவிடம் இதைச் சொன்னேன், அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆனால் உள்ளுக்குள் எனக்கு அது ஆறவில்லை. பொய் சொல்வானேன். இத்தனை வருஷம் சமைத்துப் போட்டவள், கழுத்தில் இரண்டு தாலியோடு உட்கார்ந்திருந்தவள், என்னிடம் சொல்லவில்லையே என்று தொண்டையில் முள் மாதிரி நின்றுகொண்டே இருந்தது. போன வாரம் வரைக்கும்.

போன வாரம் பகலில் போன். மிருதுளா. பின்னால் ஆட்கள் பேசுகிற சத்தம், யாரையோ டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

"அத்தை, பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"யாருமில்ல. மாமா தூங்கறார்."

"கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசுங்க."

பின்கட்டுக்குப் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். அவள் சொன்னாள். நாள் தள்ளிப் போயிருக்கிறது, பார்த்துவிட்டார்கள், உறுதிதான். ஆனால் வலது பக்கத்தில் சின்னதாக ஒன்று தெரிகிறதாம். அதே ஜாதிக் கட்டிபோலத்தான் இருக்கிறது, நெல்லிக்காய் அளவு, பயப்பட ஒன்றுமில்லை, அப்படியே விட்டுப் பார்த்துக்கொண்டே வரலாம் என்று டாக்டர் சொல்கிறாராம். அவளுக்கு மிச்சமிருக்கிறது அந்த ஒரு சினைப்பைதான். ஒவ்வொன்றையும் எழுவாய் பயனிலையோடு சொன்னாள், சிஸ்டர் இக்னேஷியா கேட்டிருந்தால் உட்கார விட்டிருப்பார்.

"கோகுல்கிட்ட சாயந்திரம் சொல்றேன். அம்மா அழுவாங்க, அப்புறமாச் சொல்லிக்கலாம். உங்ககிட்டத்தான் முதல்ல சொல்றேன். அடுத்த ஸ்கேனுக்கு என்கூட வரீங்களா அத்தை?"

"வரேன்."

"யார்கிட்டயும் சொல்லாதீங்க. தெரிஞ்சவங்க ஒருத்தர்கிட்டயும். எனக்கு வாக்குக் குடுங்க."

கொடுத்தேன். நம்ப மாட்டீங்க, காப்பாற்றியும் வருகிறேன். இவரிடம்கூடச் சொல்லவில்லை, பேரனைப் பார்க்க ஆசையாக இருக்கிறது, மாவடு கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினேன். மாலதி இரண்டு தடவை வந்து உட்கார்ந்துவிட்டுப் போனாள், வெயிலைப் பற்றியே பேசி அனுப்பிவிட்டேன். காய்க்காரம்மா என்னைப் பார்த்து, என்னம்மா உடம்பு சரியில்லையா, பேசவே மாட்டேங்கறீங்களே என்றாள். உடம்பு சரியில்லைதான். சாப்பாடு இறங்கவில்லை, படுத்தால் அந்தத் தட்டும் அந்தக் கறுப்பும் கண்ணுக்குள் வந்து நிற்கிறது. நெல்லிக்காய்தானே என்று சொல்லிக்கொள்கிறேன். நெல்லிக்காயும் காய்தானே, அதுவும் காம்பில்தானே தொங்குகிறது. யாரிடமாவது சொன்னால் பாதி இறங்கும், சொல்லக்கூடாது. இப்படியெல்லாம் எப்படித்தான் அவள் அன்றைக்கு எனக்கெதிரிலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாளோ.

அதோ செங்கல்பட்டு தாண்டிவிட்டது. அடுத்தது தாம்பரம், நான் இறங்க வேண்டும். அந்தப் பையை மட்டும் கொஞ்சம் எடுத்துக் கொடுங்க, சாய்க்காமல், மாவடு.

என்ன சொல்ல வரீங்க? இல்லைங்க, வேண்டாம். திருச்சியிலிருந்து இத்தனை தூரம் வந்தும் நீங்க யாரு, எந்தத் தெரு, யார் வீட்டுப் பெண் என்று நான் ஒன்றும் கேட்கவில்லை, கவனித்தீங்களா? கேட்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தயவு செய்து உங்க பேரை மட்டும் சொல்லிவிடாதீங்க. பேர் தெரிந்தால் நீங்க தெரிந்தவங்க ஆகிவிடுவீங்க. தெரிந்தவங்க ஒருத்தரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவளுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.